யாழ்ப்பாணத்தில் தினமும் பாவாடை உடுப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோண்டாவிலில் இருந்து யாழ்ப்பாணம் ரவுணுக்கு வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறேன், கிழமையில் ஐந்து நாள் பாவாடைதான். பின்னேரங்களில் வீட்டில் தைத்தும் கொடுப்பதால் மச்சாள்மார், கூட வேலை செய்கிற பிள்ளைகள், அளவு கொடுக்க வருகிறவர்கள் என்று எல்லாரும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டால் அவர்களுக்கும் உதவும், எனக்கும் உதவும். பாவாடை என்று இங்கே நான் சொல்வது கடையில் ஸ்கேட் என்று கேட்டு வாங்குவதை, சேலைக்குள் கட்டும் உள்பாவாடையை அல்ல. அதைப் பற்றியும் ஒரு கேள்வி கீழே இருக்கிறது, அதை மட்டும் தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

சைக்கிள் ஓட முடியுமா? செயினுக்குள் போய்விடாதா?

ஓடலாம். அம்மா தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் குடாநாடே சைக்கிளில் ஓடிய காலத்தில், முழுப்பாவாடையோடுதான் ஓடினவ. அவ இன்றைக்கும் படலையடியில் செய்கிற ஒரு வேலை இருக்கிறது: பழைய ரியூப்பில் அரை அங்குல அகலத்துக்கு வெட்டிய ஒரு றப்பர் வார், அதை ஹான்டிலில் போட்டு வைத்திருப்பா, ஏற முன் பாவாடையின் வலப்பக்கக் கரையை ஒரு பிடி சேர்த்து, முழங்காலுக்குக் கீழே முடிச்சுப்போல வாரைச் சுற்றிவிடுவா. செயின் இருப்பது வலப்பக்கம் என்பதால் அந்த ஒரு பிடியே போதும். இறங்கியதும் உருவி எடுத்தால் கசங்கலும் பெரிதாகத் தெரியாது.

அகலமான சுருக்குப் பாவாடை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பின்பக்கக் கரையைக் கால்களுக்கு நடுவே முன்னுக்கு எடுத்து, முன்துணியோடு சேர்த்துப் பிடித்து, பின்னாலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் காசுக் குத்தியை வைத்து, முன்னால் றப்பர் பாண்டால் இறுக்கிக் கட்டினால் பாவாடை இரண்டு காலாகப் பிரிந்து நிற்கும். காற்றுக்கும் எழும்பாது. ஒடுக்கமான பாவாடையில் இதைச் செய்யாதீர்கள், துணி இழுபட்டுக் கிழியும்.

செயின் முழுக்க மூடின சைக்கிள் கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. பின்சில்லின் மேற்பாதிக்கு இரண்டு பக்கமும் ஒரு வலையும் போட்டுவிட்டால் கவலை பெருமளவு போய்விடும்.

அப்படியும் மாட்டிவிட்டால்?

இழுக்கவே கூடாது. எனக்கு ஒருமுறை காலமை எட்டு மணிக்கு, சந்தியில், லொறிக்கு முன்னால் மாட்டியது, பதற்றத்தில் இழுத்துவிட்டேன், ஒரு சாண் துணி போனதோடு நானும் சரிந்து விழுந்தேன். செய்ய வேண்டியது இதுதான்: மிதிப்பதை அந்தக் கணமே நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றி, சைக்கிளை ஓரத்துக்கு எடுத்து, பெடலைக் கையால் மெதுவாகப் பின்பக்கம் சுற்றுங்கள். துணி உள்ளே போன வழியாலேயே வெளியே வரும். கிறீஸ் கறை பட்டிருந்தால் தண்ணீர் படுவதற்கு முன் பவுடரைக் கொட்டி ஒரு இரவு விட்டு, தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் நேராகத் தேய்த்துத் தோயுங்கள். எல்லாம் போகும் என்று சொல்லமாட்டேன், ஆனால் தண்ணீரில் நனைத்த பிறகு தேய்ப்பதை விட எவ்வளவோ மேல்.

எவ்வளவு நீளம் சரி?

சைக்கிள், ஸ்கூட்டி ஓடுகிறவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே நாலு விரல். படி ஏறும்போது மிதிபடாது, மாரியில் ஒழுங்கைச் சேறு கரையில் ஏறாது, கோயிலுக்குப் போனாலும் ஒரு கேள்வி வராது. நிலத்தைத் தொடுகிற நீளம் கலியாண வீட்டுக்கு வடிவுதான், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு முழங்கால் வரைக்கும் ஏறும், பிறகு நாள் முழுக்க ஈரம் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அளவெடுக்கும்போது வழக்கமாகப் போடுகிற செருப்போடு நில்லுங்கள். வெறுங்காலோடு அளந்துவிட்டுப் பிறகு கட்டையாகிவிட்டது என்று என்னிடம் வந்தவர்கள் அதிகம்.

காற்றுக்கு என்ன செய்வது?

சோளகக் காற்றுத் தொடங்கினால், வைகாசி முதல் புரட்டாதி வரைக்கும், இந்தக் கேள்விதான். பண்ணைப் பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஒரு கை ஹான்டிலிலும் மற்றக் கை பாவாடையிலுமாக ஓடுவது ஆபத்து, அதைச் செய்யாதீர்கள். கரையை அரை அங்குலம் மடித்து அடிக்காமல் இரண்டு அங்குலம் மடித்து அடிக்கச் சொல்லுங்கள், அந்தப் பாரமே பாதிக் காற்றை நிறுத்தும். அதுவும் போதாது என்றால் மடிப்புக்குள்ளே தடித்த பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தைக்கலாம். நான் முன்பு குத்திகளை மடிப்புக்குள் தைத்தேன், நடக்கும்போது கணுக்காலில் தட்டித் தட்டி நொந்துபோனதால் விட்டுவிட்டேன்.

உள்ளே முழங்கால் வரைக்குமான ரைற்ஸ் ஒன்று போட்டுவிட்டால் மனம் அமைதியாக இருக்கும். காற்று அடித்தால் அடிக்கட்டும் என்று இரண்டு கையாலும் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடலாம், அதுதான் முக்கியம்.

தொடை உரசிப் புண்ணாகிறது, வெட்கமாக இருக்கிறது கேட்க.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மெல்லியவர்களுக்கும் வரும். வேர்வை காய்ந்து உப்பாகிற இடத்தில் தோலோடு தோல் உரசுவதுதான் காரணம், நம்முடைய சித்திரை வெக்கையில் ரவுணுக்குள் இரண்டு கிலோமீற்றர் நடந்தால் போதும். பருத்தியில் நடுத்தொடை வரைக்கும் வருகிற ஒரு கட்டைக் காற்சட்டையை உள்ளே போடுங்கள், இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. அது இல்லாத நாளில் வெளிக்கிட முன் வாஸலின் மெல்லிதாகப் பூசலாம். பவுடர் முதல் அரை மணித்தியாலம் சுகமாக இருக்கும், பிறகு வேர்வையோடு கட்டிபட்டு அதுவே உரசும். ஏற்கெனவே தோல் உரிந்திருந்தால் எதையும் பூசாமல் கழுவித் துடைத்துக் காற்றுப்பட விடுங்கள், சிவந்து பரவினால் வைத்தியரிடம் காட்டுங்கள், அது பங்கஸ் தொற்றாகவும் இருக்கலாம்.

எந்தத் துணி?

பருத்தி, அல்லது பருத்தி கலந்த லினன். றேயோன் விழுகிற விதம் வடிவு, குளிர்ச்சியும் கூட, ஆனால் முதல் தோய்ப்பிலேயே சுருங்கும், அதனால் வெட்ட முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் போட்டுக் காயவைத்து அழுத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஈரமாக இருக்கும்போது றேயோனுக்குப் பலம் குறைவு, முறுக்கிப் பிழியாதீர்கள். பொலியெஸ்ரர் கசங்காது, கெதியாகக் காயும், மாரிக்கு நல்லது, ஆனால் கோடையில் அதற்குள் இருப்பது பொலித்தீன் பையில் சுற்றி வைத்தது போல. ஜோர்ஜெற் உடுப்பவர்கள் குதிக்காலைக் கவனியுங்கள்: பித்தவெடிப்பு இருந்தால் கரை அதில் கொளுவி நூல் நூலாக இழுபடும். கொலுசின் கொக்கியும் அதே வேலையைச் செய்யும்.

பொக்கெற் வைக்கலாமா?

வைக்க வேண்டும்! இதில் நான் கொஞ்சம் பிடிவாதமானவள். ரெய்லர்மார் ‘பொம்பிளையளின்ரை உடுப்புக்கு எதுக்கு’ என்று கேட்பார்கள், நீங்கள் ‘வையுங்கோ’ என்று சொல்லுங்கள். பக்கத் தையலில் வாய் ஆறரை அங்குலம், பை பத்து அங்குல ஆழம், கை முழுக்க உள்ளே போக வேண்டும். முக்கியமான விசயம்: பையின் மேல்நுனி பக்கத் தையலில் மட்டும் தொங்காமல் இடுப்புப்பட்டியிலும் சேர்த்துத் தைக்கப்பட வேண்டும். அப்போதுதான் போனின் பாரத்தைப் பட்டி தாங்கும், இல்லாவிட்டால் பாவாடை ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருக்கும். சைக்கிள் ஓடும்போது போனைப் பொக்கெற்றில் வைக்காதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் தொடையில் அடிக்கும். திறப்பும் பஸ் காசும் போதும்.

இடுப்புக்கு இலாஸ்ரிக்கா, சிப்பா, நாடாவா?

தினமும் உடுப்பதற்கு முன்பக்கம் தட்டையான பட்டியும் பின்பக்கம் ஒன்றரை அங்குல இலாஸ்ரிக்கும். சாப்பிட்டாலும் இருந்தாலும் கூடவே விரியும், முன்னால் பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். சிப் வைத்தால் மேலே கொளுக்கியும் கட்டாயம் வேண்டும், கொளுக்கி இல்லாத சிப் பஸ்ஸுக்குள் தானாக இறங்கும்.

சேலைக்குள் கட்டும் உள்பாவாடையின் நாடா இடுப்பை வெட்டுகிறது. இது சாதாரணமா?

பரவலாக இருக்கிறது, ஆனால் சாதாரணம் என்று விடக்கூடாது. அம்மம்மாவின் இடுப்பைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் இருந்தது, விரலால் தடவினால் தோல் தடித்துத் தெரியும். அறுபது வருசத்துக்கு மேலாக ஒரே இடத்தில் ஒரே நாடா. நாங்கள் சின்னனில் அதைப் பிறக்கும்போதே வந்த அடையாளம் என்று நினைத்திருந்தோம்.

இறுக்கமான நாடா வருசக்கணக்காக ஒரே இடத்தில் உரசினால் தோல் நிறம் மாறும், பிறகு உரியும், ஆறாத புண்ணாகும், மிக அரிதாக அந்தப் புண் புற்றாகவும் மாறும். 2024இல் பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில் இந்திய வைத்தியர்கள் எழுபது வயதை ஒட்டிய இரண்டு பெண்களுக்கு இப்படி வந்ததை எழுதியிருந்தார்கள், இருவரும் நீண்டகாலமாகச் சேலையை இடுப்பில் இறுக்கிக் கட்டி உடுத்தவர்கள். பயப்படுத்த இதைச் சொல்லவில்லை, தடுப்பது அவ்வளவு லேசு என்பதால் சொல்கிறேன். கயிறு போன்ற நாடாவை உருவிவிட்டு இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தையுங்கள். முடிச்சை ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் மாற்றுங்கள், கட்டும் உயரத்தையும் கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தளர்த்துங்கள். ஆறாத புண் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் வயதான மாமிமார் இருந்தால் நீங்களே கேட்டுப் பாருங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

இரண்டரை யார் துணியில் அகலமான பாவாடை தைக்க முடியுமா?

அரைவட்டப் பாவாடை தைக்கலாம். கணக்கு இதுதான்: இடுப்பளவை 3.14ஆல் பிரித்தால் உள்வட்டத்தின் ஆரை வரும். இடுப்பு 30 அங்குலம் என்றால் ஏறக்குறைய ஒன்பதரை. அதோடு பாவாடையின் நீளம் 32, கரைக்கு ஒன்றரை, எல்லாமாக 43 அங்குலம். துணியின் அகலம் 45, ஆகவே அடங்கும். நீளப்பாட்டுக்கு 43இன் இரண்டு மடங்கு 86 அங்குலம் வேண்டும், இரண்டரை யார் என்பது 90. மிஞ்சுகிற துண்டில் பட்டியும் பொக்கெற்றும் எடுக்கலாம். கரையின் சுற்றளவு 130 அங்குலம் வரும், எட்டி நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் தாராளம்.

ஒரு எச்சரிக்கை. வட்டமாக வெட்டினதில் நெசவுக்கு மூலைவாட்டில் வரும் பகுதி தன் பாரத்தாலேயே கீழே இறங்கும். அதனால் பட்டி வைத்ததும் ஒரு இரவும் பகலும் கொழுவித் தொங்கவிட்டு, பிறகு நிலத்தில் இருந்து அளந்து கரையைச் சமப்படுத்தி அடியுங்கள். அவசரப்பட்டு அன்றைக்கே கரை அடித்தால் ஒரு மாதத்தில் அலை அலையாக நிற்கும்.

கிணற்றுத் தண்ணீரில் தோய்த்தால் துணி மட்டை மாதிரி ஆகிறதே?

எங்களுடைய நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். கட்டிச் சவர்க்காரம் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவாகி நூலுக்குள் இறங்கிவிடும், நுரையும் வராது. கறுப்புப் பாவாடை சாம்பல் நிறமாகிறதே, அது பெரும்பாலும் சாயம் போனதால் அல்ல, இந்தப் படிவால்தான். சவர்க்காரத்துக்குப் பதில் சலவைத்தூள் பாவியுங்கள். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள், துணி இளகும், காய்ந்தால் மணமும் இராது. மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிற வீடு என்றால் கடைசி அலசலுக்கு அதுதான் அமிர்தம்.

சாயம் போகாமல் இருக்க உப்புப் போடச் சொல்வார்கள். தைத்து முடித்த துணிக்கு உப்பு ஒன்றும் செய்யாது. இங்கே ஒரு கடையில் வாங்கின குங்குமநிறப் பாவாடையை நான் ஒரு பிடி உப்பில் ஊறவைத்தேன், அதோடு கிடந்த மூன்று உடுப்பும் றோஸ் நிறமாகின. முதல் மூன்று தோய்ப்பையும் தனியாகச் செய்யுங்கள், உள்பக்கம் வெளியாகப் பிரட்டி நிழலில் காயப்போடுங்கள். கொடியில் இடுப்புப்பட்டியால் கொழுவுங்கள், நடுவில் மடித்துப் போட்டால் கோடு விழும்.

பஸ், மோட்டச்சைக்கிள், போற் (படகு)?

பஸ்ஸின் மிதிபலகை உயரம், ஏறும்போது முன்பக்கத் துணியை ஒரு கையால் சற்றுத் தூக்குங்கள், பக்கங்களைத் தூக்கினால் முன்கரை காலுக்குள் போகும். இறங்கும்போது பின்னால் வருகிறவர் மிதிப்பார், அதனால் பின்துணியை. மோட்டச்சைக்கிளின் பின்னால் ஒரு பக்கமாக இருப்பதை நான் விட்டுவிட்டேன். அகலமான பாவாடையும் உள்ளே ரைற்ஸும் என்றால் இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்கலாம், தொங்கும் துணியைத் தொடைக்கடியில் செருகிக்கொள்ளுங்கள், சில்லுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் போற்றில் இறங்கும்போது இரண்டு கையும் வேண்டும், பையைத் தோளில் குறுக்காகப் போட்டு, பாவாடையின் ஒரு பக்கக் கரையை எடுத்து இடுப்பில் செருகிவிட்டு இறங்குங்கள். ஒருவரும் பார்க்கமாட்டார்கள், எல்லாரும் தங்கள் காலடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நல்லூர்க் கோயிலுக்கு?

திருவிழா இருபத்தைந்து நாளும் போகிறவர்கள் நீளமான பருத்திப் பாவாடை, பிளவுஸ், மேலே ஒரு சால்வை என்று போகலாம். வீதி மணலில் நடக்க, சப்பாணி கட்டி இருக்க அதைவிட வசதி இல்லை. அடியழிக்கிறவர்களுக்கு, அதாவது அடிக்கு அடி விழுந்து கும்பிட்டுப் போகிறவர்களுக்கு, மட்டும் ஒன்று: ஒவ்வொரு அடிக்கும் குனிந்து விழுந்து எழும்பும்போது முன்கரை முழங்காலுக்குக் கீழே அகப்பட்டு, எழும்ப முடியாமல் இழுத்துவிழுத்தும். போன வருசம் தேருக்குப் பின்னால் எனக்கு முன்னே அடியழித்த ஒரு அக்கா மூன்று தரம் இப்படித் தடக்குப்பட்டா. கரை கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி இடுப்பில் ஒரு மடிப்பு மடித்து, சட்டைப்பின் கொண்டு இரண்டு இடத்தில் குத்திவிட்டால் பிரச்சினை இல்லை.

குந்தியிருக்கிற மலசலகூடம், ஈரமான நிலம்…

பின்கரையைத் தூக்கி முன்னுக்குக் கொண்டுவந்து, எல்லாத் துணியையும் ஒரே பிடியாக மார்புக்கு முன்னால் சேர்த்து, மடிக்குள் வைத்துக்கொண்டு குந்துங்கள். உள்ளே போக முன்பே, வெளியில் காய்ந்த இடத்தில், இதைச் செய்ய வேண்டும். மாதவிடாய் நாட்களில் கறுத்த நிற உள்பாவாடை ஒன்றைப் பருத்தியில் வைத்திருங்கள். கறை பட்டால் குளிர்ந்த தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் அது துணியோடு இறுகிவிடும்.

முழங்கால் அளவில் உடுத்தால் ஏதாவது சொல்வார்களா?

சொல்வார்கள். ஒரு கந்தோர் வாசலில் என்னைக் காவலாளி திருப்பி அனுப்பினார், பாவாடை முழங்காலுக்குக் கீழே நாலு விரல் இருந்தது, எந்த விதிமுறை என்று கேட்டேன், அவரிடம் பதில் இல்லை. அன்றைய அலுவல் கெட்டது. அதற்குப் பிறகு பைக்குள் மெல்லிய பருத்திச் சால்வை ஒன்று வைத்திருக்கிறேன், தேவைப்பட்டால் இடுப்பில் சுற்றலாம். ஆனாலும் அது அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சாரத்தைச் சண்டிக்கட்டாக மடித்துக் கட்டிக்கொண்டு சந்தியில் நிற்கிற ஆணை ஒருவரும் நிற்பாட்டிக் கேட்பதில்லை. வீட்டுக்குள் பெரியவர்கள் சொன்னால் சண்டை பிடிக்காமல் இருந்து கதையுங்கள். என் மாமியோடு ஒரு பின்னேரம் கதைத்ததில்தான் அவவும் இளவயதில் அரைப்பாவாடையோடு கரப்பந்து விளையாடினவ என்று தெரிந்தது.

மகளின் பட்டுப்பாவாடை ஒரு வருசத்தில் கட்டையாகிவிடுகிறது.

தைக்கும்போதே கரைக்கு மேலே, உள்பக்கமாக, ஒவ்வொன்றும் ஒரு அங்குலமாக மூன்று மடிப்புப் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள். ஒரு மடிப்பைப் பிரித்தால் இரண்டு அங்குலம் இறங்கும், மூன்றுக்கும் ஆறு அங்குலம். தையலைப் பெரிய இழையாக, பட்டு நூலால் போட வேண்டும், பொலியெஸ்ரர் நூல் பட்டுத்துணியை வெட்டக்கூடும். பிரித்த இடத்தில் ஊசித்துளைக் கோடு தெரிந்தால் உள்பக்கத்தில் ஈரத்துணி வைத்து மிதமான சூட்டில் அழுத்துங்கள், பெரும்பாலும் மறையும். மறையாவிட்டால் அதன் மேலே மெல்லிய சரிகை நாடா ஒன்று ஓடவிடுங்கள். என் பெறாமகளின் பாவாடையில் இப்போது அப்படி இரண்டு வரி ஓடுகிறது, அவளுக்கு ஏழு வயது, மூன்றாவது மடிப்பு இன்னும் உள்ளே இருக்கிறது.